பரணில் கிடக்கும் பெட்டி பள்ளிக்கூடம் போகட்டும்!



கடையில் கல்லாவுக்குப் பின்னால், குடோன் மூலையில், வீட்டுப் பரணில் என்று எங்காவது ஒரு பழைய கம்ப்யூட்டர் உங்களிடம் கிடக்கிறதா? கிழிந்த பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருப்பீர்கள். புது மெஷின் வந்த அன்று ஓரமாகத் தூக்கி வைத்தது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. காயலான் கடைக்குப் போட்டால் எடை பார்த்துக் காசு தருகிறார்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளை எடைக்குப் போட மனம் வரவில்லை. மகனுக்கு ஆகும், மருமகனுக்கு ஆகும் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. அவர்கள் கைக்குப் புது லேப்டாப் வந்தாயிற்று. இது மட்டும் பரணை விட்டு இறங்கவில்லை.

இந்தத் தலையங்கம் அந்தப் பெட்டியைப் பற்றியதுதான். சமுதாயம் எத்தனையோ பிரச்சனைகளில் தவிக்கும்போது பழைய இரும்புப் பெட்டிக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்ததாக வந்த விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். பிராசஸரும் ஏறத்தாழ 2018க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்கள் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் உலகம் முழுவதும் கழித்துக் கட்டப்படுகின்றன. சிவகாசி அச்சாபீஸ்களின் டிசைனிங் செக்‌ஷனில், விருதுநகர் பருப்பு மில் அலுவலகத்தில், ராஜபாளையம் நூல் மில்லில், ஆடிட்டர் ஆபீஸில் எல்லாம் இதே கதைதான். ஓடுகிற மாட்டை லாடம் கிடைக்கவில்லை என்று அடிமாட்டுக்கு அனுப்புகிற மாதிரி!

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்.

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வுகள் 2016லிருந்து கம்ப்யூட்டரில் நடக்கின்றன. ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ மெயின் தேர்வு 2019லிருந்து முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். வங்கி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் திரையின் முன்னால் உட்கார்ந்துதான் தேர்வு எழுத வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையன் இரண்டு பஸ் மாறி மதுரைக்குத் தேர்வு எழுதப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அவனுக்கு நன்றாக வரும். ஆனால் மவுஸைப் பிடித்துப் பழக்கமில்லை. செல்போனில் விரலால் தேய்த்துப் பழகியவன், திரையில் அம்புக்குறி எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறான். பக்கத்து சீட்டுப் பையன் பத்துக் கேள்வியை முடித்துவிட்டான். இவன் மூன்றாவது கேள்வியில் நிற்கிறான். அறிவில் இவன் குறைந்தவனா? இல்லை. அவன் வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது, இவன் வீட்டில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்போன்தான் எல்லார் கையிலும் இருக்கிறதே என்பார்கள். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த செல்போனின் லட்சணத்தைப் பார்த்தோமே! வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அத்தா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பி வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அந்த ஒரு போனுக்கு அடித்துக்கொண்டார்கள். போனில் பாடம் கேட்கலாம், படம் பார்க்கலாம். நான்கு பக்கம் கட்டுரை அடிக்க முடியுமா? கணக்குப் புத்தகம் போடக் கற்க முடியுமா? ஒரு காலண்டர் அட்டையை டிசைன் செய்யப் பழக முடியுமா? சம்பளம் தருகிற வேலைகள் இன்னும் கீபோர்டில்தான் இருக்கின்றன.

இந்தப் பட்டாசு மண்ணுக்கு இது மற்ற ஊர்களை விடப் பெரிய கேள்வி. ஏன் என்பதை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1923 வாக்கில், கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலில் இருந்துதான் இன்றைய சிவகாசி எழுந்தது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, லேபிள் ஒட்டுவதற்காக அச்சு என்று மூன்று தொழிலும் வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் வயிற்றுக்கு வழி செய்த தொழில் அது. அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் குச்சி அடுக்கியதும், பெட்டி ஒட்டியதும், திரி வைத்ததும் பிஞ்சுக் கைகள். விடியுமுன் கிராமங்களுக்கு வேன் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். 1991 ஜூலையில் மீனம்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 39 பேர் இறந்தார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை அந்த முதலாளி கட்ட வேண்டும் என்றது. 2016இல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயதுக்குக் கீழே வேலையே கூடாது. 18 வயது ஆகும் வரை வெடிமருந்துப் பக்கமே போகக் கூடாது.

சட்டத்தால் பலன் இல்லாமல் போகவில்லை. பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். பிளஸ் டூ முடிக்கிறார்கள். விருதுநகர் மாவட்டம் பொதுத் தேர்வுத் தேர்ச்சியில் மாநிலத்தில் முன்வரிசையில் நிற்பது உங்களுக்குத் தெரியும். அதே மாவட்டத்தைத்தான் 2018இல் மத்திய அரசு, முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் ராமநாதபுரத்தோடு சேர்த்து வைத்தது. தேர்ச்சி விகிதம் ஒரு பக்கம். தேர்ச்சி பெற்றவன் எங்கே போகிறான் என்பது இன்னொரு பக்கம். பத்து வயதில் அவனை ஏற்றிக்கொண்டு போன வேன் இப்போது பதினெட்டு வயதில் ஏற்றிக்கொண்டு போகிறது. கையில் மார்க் ஷீட் இருக்கிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த வேலையாவது நிரந்தரமா? 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டதிலிருந்து தொழில் தள்ளாடுகிறது. வேலை நாட்கள் குறைகின்றன. உயிருக்கோ உத்தரவாதம் இல்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். இவற்றுக்கு நடுவிலும் பின்னாலும் நாம் எழுதாத விபத்துகள் எத்தனையோ. ஜனாஸாவுக்கும் துக்கத்துக்கும் போய் வருகிறோம். நிவாரணம் கேட்டு மனு கொடுக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை அந்த ஷெட்டுக்குள் போகாமல் இருக்க என்ன செய்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோமா?

அரசு செய்யவில்லையா என்றால், செய்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. கொரோனா காலத்தை ஒட்டி அது நின்றுபோனது. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தார்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். இவை நல்ல காரியங்கள். குறை சொல்ல மாட்டோம். ஆனால் பள்ளி லேபுக்கு மாலையில் பூட்டு விழுந்துவிடும், ஆண்டு விடுமுறையிலும் பூட்டு. வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று பிள்ளை கையில் குழாய் சுற்றும் காகிதம் ஏறுகிற நேரமே அந்தப் பூட்டு விழும் நேரம்தான்.

அந்த 50 லட்சம் லேப்டாப்பில் நம் தெருவுக்கு வந்தவை எங்கே? சிலர் வந்த வேகத்தில் விற்றார்கள். பல வீடுகளில் பேட்டரி செத்து, சார்ஜர் வயர் அறுந்து, பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. வாங்கிய பிள்ளை இன்று துபாயில் இருக்கிறான். முதலில் அவற்றை இறக்குங்கள்.

நமக்குப் புதுப் பாடம் எதுவும் தேவையில்லை. விருதுநகர் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு மகமை என்றால் என்னவென்று விளக்க வேண்டுமா? பக்கத்துக் கடை நாடார் பெருமக்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கி, அந்தப் பொதுப் பணத்தில் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கிப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்தார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம்! அந்த ஊரில் பிறந்து, அந்தப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்த காமராசர்தான் பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். ஒரு பிடி அரிசியைக் கொடுத்ததால் எந்த வீட்டிலும் சோறு குறையவில்லை. உங்கள் பரணில் இருக்கும் பெட்டியைக் கொடுத்தால் உங்கள் வியாபாரத்தில் ஒரு பைசா குறையுமா?

நம் முன்னோரும் சளைத்தவர்களில்லை. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951இல் எழுந்தன. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் 1956இல் கல்லூரி வந்தது. வியாபாரிகளின் பணத்தில் எழுந்த கல்லூரிகள் அவை. இன்று எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

இனி, கசப்பான விஷயம் ஒன்று. இதை எழுதுபவன் செய்த தவறு என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்து ஊர் ஒன்றில் ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று, பழைய கம்ப்யூட்டர் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டே வாரத்தில் 14 வந்து இறங்கின. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்து ஓர் அறை பிடித்தோம், பேனர் கட்டினோம், பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். சுவிட்சைப் போட்டுப் பார்த்தபோது ஓடியவை ஆறு. அதில் மூன்றுக்குக் கீபோர்டு இல்லை. ஒன்றில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஓடியவற்றிலும் விண்டோஸ் ஏறி உட்காருவதற்குள் பிள்ளைகள் அலிஃப் பே முழுதும் ஓதி முடித்துவிடுவார்கள். எட்டு மாதத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ரம்ஜானுக்குக் கஞ்சிப் பாத்திரம் வைக்க இடம் வேண்டும் என்று அந்த அறையையும் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவர்கள் நன்மையை எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? இதற்கு நான்தான் பொறுப்பு. கேட்கத் தெரிந்த எனக்கு, வாங்குவதைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கிய பின்னணியைப் பல முறை பயானில் சொல்லியிருக்கிறேன். மதீனாவின் அன்சாரிகள் அறுவடைக் காலத்தில் பேரீச்சங் குலைகளைக் கொண்டு வந்து பள்ளிவாசலில் கயிற்றில் தொங்கவிடுவார்கள். பசித்து வரும் ஏழைத் தோழர்கள் தட்டி உதிர்த்துச் சாப்பிடுவார்கள். சிலர் மட்டும் சொத்தைக் குலையைக் கொண்டு வந்து அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அப்போது இறங்கியது அந்த வசனம். நமக்கு ஒருவர் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குவோமே, அப்படிப்பட்ட பொருளைப் பொறுக்கித் தர்மத்துக்கு வைக்காதீர்கள் என்பது அதன் பாடம். மேடையில் அழகாகச் சொன்னேன். 14 பெட்டி வந்து இறங்கியபோது அது என் நினைவுக்கு வரவில்லை!

ஆகவே, கொடுப்பதற்கு முன் அந்தப் பெட்டியைக் குலைக்கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சொத்தையா, நல்லதா என்று பாருங்கள். ஓடுகிற மெஷின்தானா? நாலாவது, ஐந்தாவது தலைமுறை ஐ3 பிராசஸராக இருந்தால் படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். இழுத்து இழுத்து ஓடுகிறதென்றால் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் கிழட்டுக் குதிரை ஓட ஆரம்பிக்கும். தேதி மாறி மாறிக் காட்டினால் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி வில்லை தீர்ந்துவிட்டது என்று பொருள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஃபேனில் அடைத்த தூசியை ஊதி எடுங்கள், பட்டாசு ஊர்த் தூசி வேறு! லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதைக் கழற்றி ஒதுக்குங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது இன்னொரு வெடி.

வியாபாரிகளுக்கு ஓர் அச்சம் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார்கள், நாம் சொல்கிறோம். அந்தப் பெட்டிக்குள் கடையின் டேலி கணக்கு இருக்கிறது, ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கிறது, வாடிக்கையாளர் போன் நம்பர், ஆதார் நகல், வீட்டுப் பெண்களின் போட்டோ எல்லாம் இருக்கின்றன. அச்சம் நியாயமானதே. அழித்துவிட்டேன், ஃபார்மேட் போட்டுவிட்டேன் என்பது போதாது. அழித்த ஃபைல் உள்ளேயே கிடக்கும். விவரம் தெரிந்தவன் மீட்டு எடுத்துவிடுவான். டிஸ்க் முழுவதும் வெற்று எழுத்தை மேலே எழுதி அழிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கும் மனம் ஒப்பவில்லையா? பழைய டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். எப்படியும் எஸ்எஸ்டி போடத்தானே போகிறோம். இந்த ஒரு யோசனையைக் கேட்டதும் சம்மதித்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மென்பொருள். திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது இங்கே சர்வ சாதாரணம். தர்மம் செய்யும் பொருளில் திருட்டுச் சரக்கா? வழியும் இல்லாமல் இல்லை. 1991இல் பிறந்த லினக்ஸ் இன்று யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற உரிமையோடு இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் மின்ட், லுபுன்டு போன்றவை பழைய மெஷினிலும் சுறுசுறுப்பாக ஓடும். வைரஸ் தொல்லை மிகக் குறைவு. இன்றைக்கும் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. இது பிள்ளைகளுக்குப் புரியாது என்பவர்கள் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளை முழுக்க லினக்ஸுக்குக் கொண்டுபோனது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் ஐடி தேர்வு எழுதுகிறார்கள். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. டிசைனிங்குக்கு இன்க்ஸ்கேப், ஜிம்ப் இருக்கின்றன. சிவகாசி அச்சாபீஸில் கோரல் டிராவும் போட்டோஷாப்பும்தான் கேட்பார்கள் என்பது உண்மை. இன்க்ஸ்கேப்பில் கோடு போடப் பழகிய கைக்குக் கோரல் டிராவுக்கு மாறச் சில வாரம் போதும். தமிழ் அடிக்க 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக் கொடுங்கள். டிடிபி வேலைக்கு அது கையில் பிடித்த தொழில்.

பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துப் பள்ளிக்குக் கொடுப்பதை நாடுகளே திட்டமாகச் செய்திருக்கின்றன. கனடா 1993லிருந்து செய்கிறது. அதைப் பார்த்துக் கொலம்பியா 2000இல் தொடங்கியது. லாப்டூ என்ற அமைப்பு, பழைய லேப்டாப்பைச் சரி செய்து, எப்படியும் அந்த நாட்டுக்குப் பயணம் போகிறவர் பையிலேயே கொடுத்தனுப்புகிறது. வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். கம்பெனி கழித்துத் தரும் லேப்டாப்பை முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். டைகர் பாமும் டேங்கும் கொண்டுவந்த பெட்டியில் அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஜகாத் கணக்கில் இதை எழுதிக்கொள்ளலாமா என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய விலையைப் போட்டு ஜகாத்தில் கழித்துக்கொள்ள நினைக்காதீர்கள். ஜகாத்தை ஜகாத்தாகக் கொடுங்கள். இதை ஸதகாவாகக் கொடுங்கள். பழுது பார்க்கும் செலவையும் சேர்த்தே கொடுங்கள். அந்தச் செலவைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மெஷின் கொடுக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். எஸ்எஸ்டிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் கேட்டால் ஒன்பது பேர் போனை எடுப்பதில்லை.

மெஷினை விட முக்கியம் அதன் பக்கத்தில் உட்காரும் ஆள். என் 14 பெட்டிகள் செத்ததற்கு உண்மையான காரணம் அங்கே ஓர் ஆள் இல்லாததுதான். பழுதானதைக் கழற்றிப் பார்க்க, வயரைச் சொருகிக் கொடுக்க, வாரத்தில் நான்கு நாள் மாலை இரண்டு மணி நேரம் இருக்க ஒருவர் வேண்டும். நம் இளைஞர்களில் டிப்ளமோ, பிஇ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டால் கொடியோடு வருகிறீர்கள், மாஷா அல்லாஹ். மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வாருங்கள். கைச் செலவுக்கு ஜமாஅத் ஏதாவது கொடுக்கட்டும். ஓசியில் உழைக்கச் சொல்லி அவர்களையும் ஆறு மாதத்தில் விரட்டிவிட வேண்டாம்.

எங்கே வைப்பது? நம் மக்தபில் வைத்து நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, நாடு முழுவதும் பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர் சுமார் 3 சதவீதம்தான் என்று சொன்னது. மற்றவர்கள் அரசுப் பள்ளியிலும் ஊர்ப் பள்ளியிலும் எல்லார் பிள்ளைகளோடும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். திருத்தங்கலிலும் சாத்தூரிலும் பட்டாசு ஷெட்டில் சாகிறவர்களில் பெரும்பாலோர் நம்மவர் அல்லர். அருந்ததியர் காலனிப் பிள்ளையும் பள்ளர் தெருப் பிள்ளையும் வந்து உட்காரக் கூச்சப்படாத இடமாக அது இருக்க வேண்டும். பள்ளிவாசல் காம்பவுண்டுக்குள் வைத்தால் அவர்கள் தயங்குவார்கள் என்றால் ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ அனுமதி வாங்கி வையுங்கள். பேனர் தேவையில்லை, பெயிண்டில் நம் பெயரும் தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வேறு வழி செய்ய வேண்டும். மக்ரிபுக்குப் பிறகு அவர்களை வெளியே அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. டெஸ்க்டாப்புகள் பொது அறையில் இருக்கட்டும். லேப்டாப்புகளைப் பெண் பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள். நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல ரிஜிஸ்டரில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொண்டுவந்து காட்டச் சொல்லி, படிப்பு முடிந்ததும் அடுத்த பிள்ளைக்கு மாற்றுங்கள். சொந்தமாகக் கொடுத்துவிட்டால் அண்ணன் கைக்குப் போய்விடும். எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று!

கடைசியாக, காயலான் கடைச் சகோதரர்களுக்கு. காயல்பட்டினத்து வியாபாரிகளால்தான் அந்தப் பெயரே வந்தது என்று சொல்வார்கள். இன்றும் அந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் தராசுக்கு வரும் பெட்டியில் ஓடக்கூடியது எது என்று எங்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை உடைக்காமல் ஓரமாக எடுத்து வையுங்கள், எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். இனி எதற்கும் ஆகாதது என்று தெரிந்தால், செம்புக்காக வயரை எரிக்காதீர்கள். அந்தப் புகை உங்கள் பிள்ளையின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும். பழுது பார்த்துத் தருவதைப் பெரிய அளவில் தொழிலாகச் செய்வோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

இந்த முறை 14 கேட்க மாட்டோம். ஒரு கிளைக்கு ஐந்து போதும், இன்ஷா அல்லாஹ். ஐந்தும் ஓட வேண்டும். அடுத்த ஆண்டு இதே மாதத்திலும் ஓட வேண்டும். கிளைப் பொறுப்பாளர்கள் வாங்கும் இடத்திலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். ஓடாததைக் கொடுத்தவரிடமே முகம் கோணாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் மூன்று மாதம் கழித்து நேரில் போய், தன் பெட்டியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம்; போட்டோ மட்டும் வேண்டாம்.

இன்று இரவு கடையடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அந்த பெட்ஷீட்டை எடுத்துப் பாருங்கள். கீபோர்டும் மவுஸும் அதன் பக்கத்திலேயே இருக்கும். பவர் கார்டு மட்டும் இருக்காது. மிக்ஸிக்கோ கிரைண்டருக்கோ எடுத்திருப்பார்கள். அதையும் தேடி எடுத்து ஒன்றாகக் கட்டி வையுங்கள்.